ரத்தம் கட்டிக்கிற உடம்பு

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.
10.11.1999

அன்புள்ள மருமகள் தேவிப்ரியாவுக்கு,

அத்தை எழுதுவது. நீயும் அக்கா சரோஜாவும் அவள் வீட்டுக்காரரும் குழந்தைகளும் ஓசூரில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

தீபாவளி நல்லபடியாக முடிந்தது. நீ இல்லாததால் பலகாரம் எதுவும் செய்யவில்லை. போன மாதக் கடைசியில் வாசல் கேட்டில் தலையை இடித்துக்கொண்டேன். மாத்திரை சாப்பிடுகிற உடம்பு ஆகையால் ரத்தம் சற்று ஜாஸ்தியாகப் போய்விட்டது. ஆறு தையல். இப்போது பரவாயில்லை. பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டேன்.

அருணகிரி மிகவும் மாறிவிட்டான். கோபம் கம்மியாகிவிட்டது. தீபத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் அவனுடைய மூன்று வண்டிகளையும் இப்போதே பேசி வைத்துவிட்டார்கள். எப்போதும் உன் பேச்சுதான். குடும்பம் என்றால் ஒன்றிரண்டு இருக்கத்தான் செய்யும். பெண்தான் பொறுத்துப் போக வேண்டும்.

அத்தை எழுதினால் வருகிறேன் என்று உன் அப்பாவிடம் சொன்னாயாம். இதோ எழுதிவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை அருணகிரியும் உன் அப்பாவும் வண்டி எடுத்துக்கொண்டு ஓசூர் வருகிறார்கள். துணிமணிகளை எடுத்துவைத்துத் தயாராக இரு. தீபத்தன்று வீட்டு விளக்கை நீதான் ஏற்ற வேண்டும்.

அண்ணாமலையார் அருளால் எல்லாம் நல்லதாக நடக்கும்.

இப்படிக்கு,
உன் அத்தை,
ரேணுகாம்பாள்

*

பள்ளி ஆய்வகம்,
திருவண்ணாமலை.
11.11.1999, வியாழக்கிழமை

தேவி,

நேற்று எழுதிய கடிதம் உனக்கு இதற்கு முன்போ பின்போ கிடைக்கும். இரண்டிலும் இருப்பது என் கையெழுத்துதான். ஆனால் நேற்றைய கடிதத்தில் உள்ளவை என் வார்த்தைகள் அல்ல. அருணகிரி எதிரே உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினேன். உறையையும் அவனே ஒட்டி எடுத்துக்கொண்டு போனான். அண்ணாமலையார் அருளால் என்று நான் எழுதியிருப்பதைப் பார்த்தே உனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வராமல் போய்விடுமோ என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வராதே. ஞாயிறு காலை அவர்கள் வந்து நிற்கும்போது நீ அந்த வீட்டில் இருக்கக் கூடாது. எங்கே போக வேண்டும் என்பதையும் எழுதியிருக்கிறேன். அதற்கு முன் காரணத்தைப் படி. நீ என் பேச்சை நம்புகிறவள்; நம்பிப் பட்டவள். இந்த முறை நான் சொன்னேன் என்பதற்காக மட்டும் எதையும் செய்யாதே.

கல்யாணமான மூன்றாம் மாதம், மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாய். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். நீ கையை உயர்த்தியபோது ரவிக்கைக் கை விலகி, மேல்கையின் உட்பக்கம் நீலமாகத் தெரிந்தது. என்ன இது என்று கேட்டேன். நீ முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, "எனக்கு சும்மாவே ரத்தம் கட்டிக்கும் அத்தை. லேசா இடிச்சாலே போதும்" என்றாய்.

நம் பேச்சில் அந்த ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. அடிபட்ட இடத்தில் தோலுக்கடியில் ரத்தம் தேங்கி நீலம் பாய்வதையும் ரத்தம் கட்டுவது என்கிறோம். காயத்தில் ரத்தம் உறைந்து நிற்பதையும் ரத்தம் கட்டுவது என்கிறோம். முதல் அர்த்தத்தை எடுத்துக்கொண்டால் யார் அடித்தது என்று கேட்க வேண்டும். இரண்டாவதை எடுத்துக்கொண்டால் ரத்தத்தில் ஏதோ கோளாறு, டெஸ்ட் எடுக்க வேண்டும். நான் டெஸ்ட் எடுத்தேன்.

என் உடம்பும் எனக்கு வசதியாக இருந்தது. தொண்ணூற்று நான்கில் இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியதிலிருந்து, அதன்மேல் ரத்தம் உறையாமலிருக்க நான் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவள். மேசை ஓரம் பட்டால் போதும், தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாயும். உனக்கும் அப்படி ஏதோ பிறவிக் குறை என்று முடிவு கட்டினேன். என் நீலங்கள் எல்லாம் முழங்கால், இடுப்பு, முழங்கை என்று இடிபடும் இடங்களில் இருந்தன. மேல்கையின் உட்பக்கத்தைக் கொண்டுபோய் யாரும் கதவில் இடித்துக்கொள்வதில்லை. உனக்கு அங்கே ஒரு வரிசையாக நான்கு வட்டம், எதிர்ப்புறம் ஒன்று. விலங்கியலில் எம்.எஸ்ஸி. படித்தவளுக்கு விரல்களை எண்ணத் தெரியவில்லை.

அடுத்தடுத்துப் பார்த்ததையும் சொல்கிறேன். தோலுக்கடியில் கசிந்த ரத்தம் முதலில் சிவப்பாகவும் பிறகு நீலமாகவும் இருக்கும். நாள் ஆக ஆகப் பச்சை, கடைசியில் மஞ்சள். இதைப் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் கலர் சாக்பீஸில் போட்டுக் காட்டுகிறேன். உன் ஒரே கையில் நீலமும் பச்சையும் மஞ்சளும் சேர்ந்து இருந்தன. ஒரு நாள் விழுந்த அடி அல்ல அது. அதைப் பார்த்துவிட்டு, நோய் முற்றுகிறது என்று நினைத்தேன்.

முதல் லேபில் உன் விரலில் குத்தி, மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து, அரை நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு துண்டாக உடைத்துப் பார்த்தான் அந்தப் பையன். நாலரை நிமிடத்தில் இரண்டு துண்டுகளுக்கு நடுவே வெள்ளை நூல் நீண்டது. நார்மல் மேடம் என்றான். அவன் கடிகாரத்தையே பார்க்கவில்லை என்று சண்டை போட்டு வேறு லேபுக்குக் கூட்டிப் போனேன். அங்கும் அதேதான். பிறகு வேலூர். அங்கே ஒரு டாக்டரம்மா தட்டணுக்களையும் எண்ணி, உறைவதற்கான பொருள்களையும் தனித்தனியாகப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு உன்னிடம் பத்து நிமிடம் பேசினார். என்ன கேட்டார் என்று பஸ்ஸில் உன்னிடம் கேட்டேன். "வீட்ல எல்லாம் எப்பிடினு கேட்டாங்க அத்தை" என்றாய். என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. கண்ணமங்கலம் தாண்டும்வரை நீ ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய்.

கோயிலில் கொடுக்கும் விபூதியைக்கூட ஏன், எதற்கு என்று கேட்கிறவள் நான். மூன்று ரிப்போர்ட்டுகளையும் சந்தேகப்பட்டேன். அவனை ஒரு நாளும் சந்தேகப்படவில்லை.

ஆகஸ்ட் மாதக் காலை உனக்கு ஞாபகம் இருக்கும், எனக்காகச் சொல்லிக்கொள்கிறேன். ஆசிரமத்துப் பக்கம் கெஸ்ட் ஹவுஸிலிருந்து வந்த ஃபோனை நீ அவனிடம் சொல்ல மறந்துவிட்டாய். விமான நிலையத்துக்குப் போக வேண்டிய வண்டி போகவில்லை. நான் உள்ளே புடவைக் கொசுவம் பிடித்துக்கொண்டிருந்தேன். தேங்காய் உடைப்பது போல ஒரு சத்தம். வந்து பார்த்தால் உன் தலைமுடி அவன் கையில் சுற்றியிருந்தது. முகம் வாஷ்பேசின் குழாயின்மேல். இரண்டாவது முறை மோதியதை நான் கண்ணால் பார்த்தேன். மூன்றாவது முறை நான் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபிறகும் மோதினான். வெள்ளைப் பேசினில் ரத்தம் தண்ணீரோடு சுற்றிச் சுற்றி இறங்கியது. உடைந்த பல் தண்ணீர் இறங்கும் துளையின் சல்லடையில் மாட்டி நின்றது.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய் ஃபோனை எடுத்தான். வெள்ளைக்காரி ஒருத்தியிடம் அவ்வளவு மெதுவாக, அவ்வளவு பணிவாக மன்னிப்புக் கேட்டான். நான் உன்னை நாற்காலியில் உட்காரவைத்து, தலையை முன்பக்கம் குனியச் சொல்லி, மூக்கைப் பிடித்துக்கொண்டேன். பிறகு என் கடிகாரத்தைப் பார்த்தேன். தேவி, நான் நேரம் எடுத்தேன். நான்கு நிமிடம் பத்து வினாடியில் ரத்தம் நின்றது. குறை உள்ள ரத்தமாக இருந்தால் நின்றிருக்காது. உனக்கு நோய் இல்லை என்று அப்போது எனக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டு, பேசினைக் கழுவிவிட்டு, எட்டரை மணி பஸ்ஸுக்குப் போனேன்.

அக்டோபர் ஐந்தாம் தேதி நீ போன அன்று, நான் பள்ளியிலிருந்து வரும்போது மணி நாலரை. மாடிப்படியின் கீழ் மூன்று படிகளில் ரத்தம். உறைந்து, சுருங்கி, கருஞ்சிவப்பில் ஈரல் துண்டு போல் கிடந்தது. ஓரத்தில் மஞ்சள் நீர் பிரிந்திருந்தது. ரத்தம் உறைய ஐந்தாறு நிமிடம் போதும். உறைந்தது சுருங்கி நீர் பிரிய ஒரு மணி நேரத்துக்கும் மேல் வேண்டும். அப்படியென்றால் மூன்று மணி வாக்கில் அவன் உன்னைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறான். கைப்பிடிக் கம்பியில் முடிக்கற்றை ஒன்று தோலோடு ஒட்டியிருந்தது. அவன் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தான். எங்கேடா அவ என்றேன். "அப்பன் வீட்டுக்குப் போயிட்டா. அவளுக்குத்தான் தொட்டாலே ரத்தம் வருமே, நீதானம்மா சொல்லுவ" என்றான்.

எதிர் வீட்டில் ஆள்கள் இருந்தார்கள். நான் ஒரு சத்தம் போட்டிருந்தால் வந்திருப்பார்கள். பார்த்திருப்பார்கள். நான் வாளியில் தண்ணீர் எடுத்துவந்து படிகளைக் கழுவினேன். உறைந்த ரத்தம் தண்ணீரில் போகாது. துடைப்பத்தால் தேய்த்தேன்.

அக்டோபர் இருபத்தெட்டாம் தேதி காலை, உன்னை வரச்சொல்லி எழுது என்று காகிதத்தைக் கொண்டுவந்து வைத்தான். மாட்டேன் என்றேன். ஏன் என்றான். அவ வந்தா நீ அடிப்பே என்றேன். அந்தச் சொல்லை அவனிடம் நான் சொன்னது அதுதான் முதல் முறை. பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். பின்னாலிருந்து கொண்டையைப் பிடித்தான். இரும்பு கேட்டின் தாழ்ப்பாள் நீட்டிக்கொண்டிருக்குமே, அதன்மேல் இரண்டு முறை. முதல் முறை வலித்தது. இரண்டாவது முறை காதுக்குள் மணி அடித்தது போலத்தான் இருந்தது. கண்ணாடி உடைந்து கன்னத்தில் கிழித்தது.

படியில் உட்கார்ந்து முந்தானையைச் சுருட்டிக் காயத்தில் அழுத்தினேன். பத்து நிமிடம் அழுத்தினால் நிற்கும் என்று ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். நிற்கவில்லை. முந்தானை நனைந்து, பாதிப் புடவை நனைந்து, முழங்கை வழியாகச் சொட்டியது. இருபது நிமிடம். நாற்பது நிமிடம். படியில் விழுந்த ரத்தம் உறையாமல் தண்ணீர் போல ஓடிக்கொண்டே இருந்தது. அவன் அப்போதுதான் பயந்தான். வண்டியை எடுத்துவந்தான். என்னை ஏற்றுவதற்கு முன் சீட்டின்மேல் பாலிதீன் விரித்தான். மதியம் அந்த வண்டிக்குச் சவாரி இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி ஆயிற்று என்று என்னைத்தான் கேட்டார். பதில் அவன் சொன்னான்.

"எங்கம்மாவுக்கு ரத்தம் கட்டாது சார். மாத்திரை சாப்புடுறாங்க. லேசா இடிச்சிக்கிட்டாலே இப்பிடித்தான்."

டாக்டர் தலையாட்டினார். என் பக்கம் திரும்பி, "பாத்து நடக்கணும்மா, வயசாகுதில்ல" என்றார். அவன் புதிதாக எதையும் சொல்லவில்லை. உனக்காக நான் செய்து கொடுத்த வாக்கியத்தைத்தான் எனக்கும் சொன்னான். இரண்டு வருடமாக அக்கம்பக்கத்தில், உறவில், உன் அப்பாவிடம், லேபுகளில் எல்லாம் நான் சொல்லிப் பரப்பியது அது. ஆறு தையல் போட்டார்கள். மாத்திரை அளவு கூடிவிட்டது போலிருக்கிறது என்று சொல்லி அதை நிறுத்தினார்கள். மறுநாள் வந்த ரிப்போர்ட்டில் அளவு சரியாகத்தான் இருந்தது.

போன வாரம் உன் அப்பா கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு பை பச்சை வேர்க்கடலையோடு வந்தார். என் தலையில் இருந்த கட்டைப் பார்த்து, "என்ன சம்பந்தியம்மா, கேட்டு என்ன பாவம் பண்ணுச்சு, அதுல போய் முட்டிக்கிட்டீங்க" என்று சிரித்தார். அருணகிரி அவருக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தான். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று அவர் சொன்னார். நல்ல மனிதர்தான். மகள் திரும்பி வந்துவிட்டாள் என்று ஊர் பேசுவதற்குப் பயந்துதான் உன்னை ஓசூருக்கு அக்கா வீட்டுக்கு அனுப்பிவைத்திருக்கிறார். அவரிடம் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அருணகிரி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டான். வேர்க்கடலை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

இனி நீ செய்ய வேண்டியது. சனிக்கிழமை மதியத்துக்குள் ஓசூரை விட்டுக் கிளம்பு. திருச்சியில் என்னோடு படித்த சந்திரம்மாள் வேலைக்குப் போகும் பெண்கள் விடுதி ஒன்றில் வார்டனாக இருக்கிறாள். முகவரியைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். அவளிடம் இன்று காலை பூத்திலிருந்து பேசிவிட்டேன். உன் கல்யாணத்துக்கு வந்தவள் அல்ல. அருணகிரிக்கு அவளைத் தெரியாது. சரோஜாவிடம்கூட ஊர் பெயரைச் சொல்லாதே. அவள் நல்லவள், ஆனால் அப்பா அழுதால் தாங்கமாட்டாள்.

இதோடு நான்கு தாள்கள் வைத்திருக்கிறேன். மூன்று, உன் ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை என்ற ரிப்போர்ட்டுகள். நான்காவது, நான் கண்ணால் பார்த்ததையெல்லாம் தேதி போட்டு, என் பெயர், படிப்பு, பள்ளி முகவரி எல்லாம் எழுதிக் கையெழுத்திட்டது. அதன் இன்னொரு படியை நாளைக் காலை நானே மகளிர் காவல் நிலையத்தில் கொடுக்கப்போகிறேன். பெற்றவள் இப்படிச் செய்வாளா என்று கேட்பார்கள். கேட்கட்டும். என்றைக்காவது கோர்ட்டில், அவளுக்கு ரத்தம் கட்டிக்கிற உடம்பு என்று யாராவது சொன்னால், இந்தத் தாள்களைக் காட்டு. அதைச் சொன்னது நான்தான் என்றும், சொன்னது பொய் என்றும் நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. வீடு என் பெயரில் இருக்கிறது, வேலை இருக்கிறது. மாத்திரையை நிறுத்தியிருந்த நாள்களில் வால்வில் ஏதாவது உறைந்திருக்குமோ என்று டாக்டருக்கு ஒரு சந்தேகம். மூன்று நாளாக இடது கை விரல்கள் மரத்துப்போகின்றன. பேனா பிடிப்பது வலது கை என்பதால் ஒன்றும் சிரமமில்லை. வேலூருக்குப் போய்க் காட்ட வேண்டும். முதலில் காவல் நிலையம்.

போய்ச் சேர்ந்ததும் எனக்கு எழுதாதே. ஃபோனும் செய்யாதே. சந்திரம்மாளையும் எனக்கு ஒன்றும் தெரிவிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் விடுதியை விட்டு உன்னை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவாள். அந்த இடம் எனக்குத் தெரியக் கூடாது. நேற்று ஒரு பக்கம் முழுவதும் அவன் சொன்னபடி எழுதியவள் நான். இன்னும் இரண்டு அடி விழுந்தால் எதைச் சொல்வேன் என்று எனக்கே நிச்சயமில்லை.

எங்கள் ஆய்வகத்தில் வேலை செய்யும் ஆராயி இதைக் கூரியர் ஆபீசில் கொடுக்கப் போகிறாள். வாசலில் நின்று, "டீச்சர், மூணு மணிக்கு மூட்டைய கட்டிடுவான்" என்று அவசரப்படுத்துகிறாள். உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. அதைக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை, எழுதாமல் விடுகிறேன்.

படிப்பைப் பாதியில் விட்டாய், அதை முடி. பல் கட்டிக்கொள். நீ நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும்.

நாளைக்கோ அடுத்த மாதமோ உன் அப்பாவோ அக்காவோ எப்படியாவது உன்னைத் தேடிப் பிடித்து, அத்தை செத்துப்போய்விட்டாள், முகத்தையாவது வந்து பார் என்று அழைக்கக்கூடும். அது பொய்யாக இருக்கலாம். உண்மையாக இருந்தாலும் வராதே, அம்மா.

ரேணுகாம்பாள்